கயிறு அறவில்லை

ஜனவரி 21, செவ்வாய்

கடலில் ஓட்டுகிற ஸ்கூட்டர்கள், நான்கு புது ஜெட் ஸ்கீக்கள் வந்து இறங்கின. எங்கள் கடற்கரையில் ஏற்கெனவே இருப்பவை உட்கார்ந்து ஓட்டுகிறவை. சுற்றுலா வருகிறவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டெரிக்கும் மற்றப் பயிற்சியாளர்களும் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். இவை நின்றுகொண்டு ஓட்டுகிறவை. இருக்கை கிடையாது. பின்பக்கம் கால் வைக்க ஒரு பள்ளம், முன்னால் மேலும் கீழும் அசைகிற ஒரு நீளக் கைத்தண்டு, அவ்வளவுதான்.

கஸ்பார் மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "என்னட்டி இது, பாதிச் சாமான்தான் அனுப்பியிருக்கானுவளா? சீட்டு பொறவு வருமா?"

"இது நின்னுட்டே ஓட்டுறது மாமா."

"நிக்கதுக்கா இம்புட்டுக் காசு? நான் நாப்பது வருசம் வள்ளத்துல சும்மாத்தான நின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா எங்கே நின்றாலும் அந்த இடம் கலகலப்பாகிவிடும். நான் நின்றால் அந்த இடத்தில் ஒரு ஆள் குறைவதுபோல இருக்கும். அம்மாவின் கூடப்பிறந்தவரா இவர் என்று சில சமயம் தோன்றும். தோள்பட்டை விட்டுப்போனதால் கடலை விட்டுவிட்டு இங்கே பிக்கப் ஓட்டுகிறார், சாமான் ஏற்றி இறக்குகிறார். எனக்கு இந்த அலுவலக வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "எங்க அக்கா மவ, பி.காம்." என்று மேலாளர் நிகில் சாரிடம் எத்தனை முறை சொன்னாரோ தெரியாது.

பிப்ரவரியில் ராமேஸ்வரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கடல் விழா. நான்கையும் டிரெய்லரில் ஏற்றி அங்கே கொண்டுபோக வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

ஏற்றிக் கட்டிப் பழகினார்கள். விற்றவர்கள் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஒன்பது வரி. நிகில் சார் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று ரேச்செட் பெல்ட். மூக்கில் உள்ள வளையத்தில் ஒன்று, பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று இறுகும். கைத்தண்டின் மேல் பாரம் கொடுத்துக் கட்டக் கூடாது. ஆனால் அதைச் சும்மாவும் விடக் கூடாது, காற்றில் எழும்பி ஆடும்; துணி சுற்றித் தாழ்த்திக் கட்ட வேண்டும்.

நான் சத்தமாகப் படித்தேன். "ரேச்செட்" என்பதை "ராட்சத்" என்பதுபோலச் சொல்லிவிட்டேன். டெரிக் உடனே, "ராட்சதன் வாரான்டோய்!" என்றான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான்காவது வரியிலிருந்து மனதுக்குள் படித்து, அன்றைக்குத் தேவையான ஆறாவது வரி வரைக்கும் மாமாவின் காதோடு தமிழில் சொன்னேன்.

"சத்தமாத்தான் சொல்லேன், அவனுவ கெடக்கானுவ" என்றார் மாமா. நான் சொல்லவில்லை.

வீட்டுக்குத் தக்காளி, தேங்காய், தங்கைக்குப் பேனா வாங்கிப் போனேன்.

ஜனவரி 30, வியாழன்

பன்னிரண்டு பெல்ட்டில் மூன்று உப்புக்காற்றில் துருப்பிடித்து அசையவே இல்லை. மாமா எண்ணெய் விட்டுப் பார்த்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "கெட்டியாப் புடிக்கதுக்குன்னு செஞ்ச சாமான், இப்ப விடமாட்டேங்குது" என்றார்.

ஆறு பெல்ட்டை நிகில் சார் தன் நண்பர் வீட்டு விழாப் பந்தலுக்குக் கொடுத்தனுப்பினார். காற்றில் பந்தல் பறக்காமல் இழுத்துக் கட்டவாம். திங்கட்கிழமை வந்துவிடும் என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெல்ட் வரவில்லை. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் நிகில் சாருக்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: "சார், மூணு பெல்ட்தான் இருக்கு. ஒரு வண்டிக்குத்தான் பத்தும். வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பணும்." அனுப்புவதற்கு முன் நான்கு முறை திருத்தினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க ஜெனிட்டா." கட்டைவிரல் படம்.

பிப்ரவரி 6, வியாழன்

நான்கு வண்டிகளும் ஏற்றிக் கட்டப்பட்டன. தாளில் ஒன்பது கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் தலைவலி.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை ஏழரைக்கு மாமா போன் செய்தார். பின்வரிசையில் ஒன்று விழுந்துவிட்டது என்றார். உடனே வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, சனி

தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாமா ஐந்தரைக்குக் கிளம்பினார். வழியில் தூறல். ஒரு ஊர் முகப்பில் வேகத்தடை. அதில் டிரெய்லர் ஏறி இறங்கியபோது பின்வரிசை வலதுபக்க வண்டி நழுவி ரோட்டில் விழுந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் அதில் மோதினார். அவர் பெயர் வேல்மயில். ரேஷன் கடையில் எடை போடுகிறவர், முப்பத்தெட்டு வயது. தலையில் அடி. பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

மாமாதான் அவரைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். போலீஸ் வரும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, ஜாமீன் கொடுத்துச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வண்டி ஓட்டியதும் அவர், கட்டியதும் அவர். அதனால் வழக்கு அவர் ஒருவர் பேரில்.

மூன்று வண்டிகளை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டும்போது நான் அலுவலகத்துக்குள் இருந்தேன்.

மாமாவைப் பார்க்கப் போனேன். சட்டையில் கறை. மாற்றவில்லை. பிலோமி மாமி வெந்நீர் வைத்து இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"முடிச்சு அவுரல மக்கா" என்றார். "கயிறும் அறல. ரெண்டும் அப்படியே இருக்கு. வண்டிய மட்டும் காணல. அது எப்படி?"

எனக்குத் தெரியும் எப்படி என்று. நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். நங்கூரக் கயிறுக்கு அதுதான் நல்லது, அலை தூக்கும்போது கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். டிரெய்லரில் விட்டுக் கொடுக்கக் கூடாது. தாளில் ஏழாவது வரி அதுதான்.

"தெரியல மாமா" என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நிகில் சார் உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் தாள்.

"இதுல உங்க சைன் இருக்கு ஜெனிட்டா. எல்லாம் செக் பண்ணினதா டிக் வேற போட்டிருக்கீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைல்ஸில் மணல் இருந்தது. காலையில் பெருக்கவில்லை.

"இது வெளிய போச்சுன்னா உங்களுக்குத்தான் பிரச்சனை. சின்னப் பொண்ணு, உங்க வீட்டுல முதல் கிராஜுவேட். நான் பார்த்துக்கிறேன். நீங்க அந்த நேரம் ஆபீஸ்லதான் இருந்தீங்க, இல்ல?"

"ஆமா சார்."

தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். "நீங்களும் பார்த்துக்கோங்க" என்றார்.

மாமாவுக்கு வக்கீல் கம்பெனியே வைக்கும் என்றும் சொன்னார். அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல மனுசன்" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வேல்மயில் இறந்துவிட்டார். காலை பத்து மணிக்கு.

பிப்ரவரி 15, சனி

போனில் இடம் போதவில்லை. பழைய செய்திகளை அழித்தேன், நிகில் சாருக்குப் பெல்ட் பற்றி எழுதியதையும்.

பிப்ரவரி 19, புதன்

எஸ்.ஐ. அலுவலகத்துக்கு வந்தார். எல்லோரிடமும் கேட்டார். டெரிக், "நாங்க தண்ணிக்குள்ள இருந்தோம் சார், கஸ்பாரண்ணன்தான் கட்டினாரு" என்றான். நான் அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னேன். "சத்தமாப் பேசும்மா" என்றார் எஸ்.ஐ. இன்னொரு முறை சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதுப் பெல்ட் இருபது வந்திருக்கிறது. மஞ்சள் நிறம். ரசீதை நான்தான் கோப்பில் வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தபோது பிலோமி மாமி கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போனார்.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. அன்னைக்கு நீ அங்கதான இருந்த? ஒன்கிட்ட கேக்காம அந்த மனுசன் ஒரு ஆணி கூட அடிக்கமாட்டாரே. 'ஜெனி படிச்சுச் சொன்னா, ஜெனி படிச்சுச் சொன்னா'ன்னு வீட்டுல ஒரே பெருமை. இப்பக் கேட்டா, 'அவ அங்க இல்ல'ங்காரு."

"நான் ஆபீஸ்ல இருந்தேன் மாமி."

மாமி என் கையை விட்டார். பிறகு, "சரி. வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். மீன் கழுவினேன். தங்கையின் சீருடையை இஸ்திரி போட்டேன். இதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாததால் எழுதுகிறேன்.

நான் அங்கே இருந்தேன். டிரெய்லரின் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில், தாளைப் பிடித்துக்கொண்டு. முதல் வண்டியைப் பெல்ட்டில் கட்டி முடித்ததும் மாமா நைலான் கயிற்றை எடுத்தார். புதுக் கயிறு, பச்சை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெல்ட்டு இல்லியே, கயித்துல கெட்டலாமா? அதுல கயித்தப் பத்தி என்னமும் போட்டிருக்கா மக்கா?"

ஏழாவது வரி என் கண்ணுக்கு நேராக இருந்தது. கயிறு பயன்படுத்தக் கூடாது, இழுபடும். எட்டாவது வரி, இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

டெரிக்கும் இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். நிகில் சார் போனில் யாரிடமோ, "எல்லாம் ரெடி சார், காலையில கிளம்பிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் "கூடாது" என்று சொன்னால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். ஏன் என்று கேட்பார்கள். படித்துக் காட்டச் சொல்வார்கள். நிகில் சாரிடம் போய்ப் பெல்ட் இல்லை என்று நானே நேரில் சொல்ல வேண்டிவரும்.

"ஒண்ணும் போடல மாமா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். "கடல்ல பெரிய வள்ளத்தையே புடிச்சு நிக்கிற கயிறு, இந்தப் பூனைக்குட்டியப் புடிக்காதா" என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

அவ்வளவுதான். மூன்று சொல். எட்டாவது வரியை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. வேலைக்குப் போனேன். அறுபது டிக்கெட் விற்றது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையில் மாமா எனக்கு முன்னால் நடந்தார். இளைத்துவிட்டார். யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை, அவரும் யாரையும் கேலி செய்யவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய், "மாமா, நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடுறேன்" என்றேன். எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்லுவ?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்கன்னு."

"நான் யாருகிட்டயும் கேக்கல."

"கேட்டீங்க மாமா. நான்தான்…"

"ஏட்டி." குரலை உயர்த்தவில்லை. "ஒனக்குத் தெரியல. நீ ஆபீசுக்குள்ள இருந்த. ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சு, கதவு சாத்தியிருந்துச்சு. நான் கூப்புட்டாக்கூட ஒனக்குக் கேட்டிருக்காது. நாப்பது வருசம் கயித்தோட கெடந்தவன் எதுக்குப் போய் ஒரு சின்னப்புள்ளகிட்ட கேக்கப் போறேன்?"

"அந்தத் தாள்ல போட்டிருந்துச்சு மாமா. கயிறு கூடாதுன்னு." முதன்முறையாகச் சொன்னேன்.

மாமா தலை நிமிர்ந்து கோயில் கொடிமரத்தைப் பார்த்தார். அவருக்கு இது தெரிந்திருந்ததா, அப்போதுதான் தெரிந்ததா என்று அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை.

"போட்டிருந்துச்சா" என்றார். "இருக்கட்டும்." பிறகு, "ஒங்கம்மா தேடுவா, போ."

ஜூன் 11, புதன்

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. கம்பெனி வக்கீல் மாமாவை வரச்சொல்லிப் பேசினாராம். அம்மாவும் கூடப் போனாள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள், அதைக் கம்பெனி கட்டிவிடும். இல்லையென்று வாதாடினால் வருஷக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள் என்று சொன்னாராம்.

"யார யாரன்னு ஒங்க மாமன் கேட்டான்" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல வேல பாக்க எல்லாரையும்னு வக்கீல் சொன்னாவ. ஒடனே, அப்ப ஒத்துக்கிடுதேன்னுட்டான்."

அம்மா இதைக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரியுமோ என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வக்கீலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்ப அவரே அழைத்தார். நான் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. பதவிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். டெரிக் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று நீதிமன்றம். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

பையில் ஒரு தாள் வைத்திருந்தேன். நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தேன். வாயால் சொல்ல வராவிட்டால் நீட்டிவிடலாம் என்று. யாரிடம் நீட்டுவது என்று யோசிக்கவில்லை. நீதிபதியிடம் நேராக நடந்துபோக முடியுமா? தடுப்பார்களா? பி.காமில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.

கடைசிப் பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், நாலு வயதுப் பெண் குழந்தையை மடியில் வைத்திருந்தார். குழந்தை என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தது.

"விடுட்டி, அக்கா துணி கிழிஞ்சிரும்" என்றார். பிறகு என்னிடம், "நீங்க எந்தக் கேசுக்கு வந்திருக்கிய?"

"சும்மா… தெரிஞ்சவங்களுக்கு."

"நான் எங்க வீட்டுக்காரரு கேசுக்கு வந்திருக்கேன். பைக்குல போகும்போது முன்னால போன வண்டியிலருந்து சாமான் விழுந்து…" நிறுத்திவிட்டார். "அந்த ஆளு மொகத்த ஒரு தடவ பாக்கணும்னு வந்தேன். ஊர்ல சொன்னாவ, வரவேண்டாம்னு."

அவர் செல்லக்கனி. பத்திரிகைத் துணுக்கில் பெயர் படித்திருக்கிறேன். வேல்மயிலின் மனைவி.

பெயர் கூப்பிட்டார்கள். மாமா கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர். குற்றச்சாட்டைப் படிக்கச் சொன்னார். கவனக்குறைவாக, முறையாகக் கட்டாமல், என்று வாசித்தார்கள்.

"புரியுதா உங்களுக்கு?"

"புரியுதுங்கம்மா. ஒத்துக்கிடுதேன்."

"உங்களை யாராவது இப்படிச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாங்களா?"

நான் எழுந்தேன். எழுந்தேன் என்றால், உடம்பு பெஞ்சை விட்டு ஒரு சாண் உயர்ந்திருக்கும். தாள் கையில் இருந்தது. வாசலில் நின்ற காவலர் என்னைப் பார்த்து, உட்கார் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். மாமாவும் அப்போது திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உடனே நீதிபதியின் பக்கம் திரும்பி, இதுவரை பேசாத சத்தத்தில் பேசினார்.

"யாரும் சொல்லலம்மா. தப்பு எம்மேலதான். கயித்துல கெட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கெட்டினேன். யாருகிட்டயும் கேக்கல."

தெரிந்தே கட்டினேன் என்ற சொல்லைக் கேட்டதும் வக்கீல் நெற்றியைத் தடவினார். அப்படிச் சொல்லச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்குமேல் தீர்ப்பு. அபராதம் இல்லை. ஒரு வருடச் சிறை. தெரிந்தே செய்தேன் என்று அவரே சொல்லும்போது குறைக்க இடமில்லை என்று நீதிபதி சொன்னார். வக்கீல் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிலோமி மாமி வெளியே சுவரில் சாய்ந்து நின்றார், அழவில்லை. நான் கிட்டே போகவில்லை.

படியில் செல்லக்கனி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். முகம் கழுவியதுபோலத் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் தானாகவே பேசினார்.

"ஒத்துக்கிட்டாரு பாத்தியளா. ஏழு மாசமா எனக்கு ஒறக்கம் கெடையாது, யாரு என்ன செஞ்சா, ஏன் விழுந்துச்சுன்னு. ஆளாளுக்குத் தெரியாது தெரியாதுன்னாவ. இந்த மனுசன் ஒருத்தர்தான் நெசத்தச் சொன்னாரு. எனக்கு இது போதும்."

நான் தாளைப் பைக்குள் வைத்தேன்.

"ஒங்களுக்கு வேண்டியவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"முடிஞ்சிட்டு, அக்கா" என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அம்மா ஜெயிலுக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தாள். தோள்பட்டை வலி அதிகமாம். தரையில் படுப்பதால்.

"வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ஜெனி வேலைக்குப் போறாளான்னு ரெண்டு தடவ கேட்டான். போறான்னு சொன்னேன்."

போகிறேன்.